1 புள்ளி உயரம், 12 புள்ளி நீளம்: மும்பையில் ஒரு கோலப் பரப்புரை

கடந்த மார்கழியில், மும்பை மாதுங்காவிலிருந்து சயான் வரையுள்ள கடைத்தெருக்களில், கடை வாசல்களிலும் கிளினிக் வாசல்களிலும் கோலம் போட்டோம். அந்த வாசலில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் (ராம்ப்) இருந்திருந்தால் எந்த இடத்தில் தொடங்கும், எவ்வளவு நீளம் வரும், எவ்வளவு அகலம் பிடிக்கும் என்பதை உண்மையான அளவிலேயே தரையில் வரைந்து காட்டும் கோலம். அதைப் படமெடுத்துச் சுவரொட்டியாகவும் வாட்ஸ்அப் செய்தியாகவும் சைகைமொழிக் காணொளியாகவும் கொண்டுபோனோம். அந்தப் பரப்புரை எப்படி உருவானது, எது பலித்தது, எது இன்னும் இழுபறியில் இருக்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

வடிவமைப்பு வேலை என்னுடையது. முடிவெடுத்தவர்கள் குழுவினர். அதில் சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போய்வரும் ஒரு டீச்சர், வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற பார்வையற்ற ஒரு பெரியவர், தாராவியில் தையல் வேலை செய்யும் காது கேளாத ஓர் இளைஞர், ஊன்றுகோலோடு வீடு வீடாகப் போய் இன்சூரன்ஸ் பிடிக்கும் ஒரு அண்ணன், அப்புறம் இவர்களுடைய அம்மாக்கள், அக்காக்கள். பாதிப் பேரின் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாராவித் தமிழர்களில் பலருக்கும் அப்படித்தான்.

எதைக் காட்டுவது, எதைக் காட்டக்கூடாது

டிசம்பர் 3ஆம் தேதியைச் சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினமாக ஐ.நா. 1992இல் அறிவித்தது. அந்த நாளில் வரும் சுவரொட்டிகளைக் குழுவினர் மேசைமீது பரப்பி வைத்துப் பேசினார்கள். பெரும்பாலும் ஒரே படம்தான்: ஊன்றுகோலோடு ஒரு குழந்தை, மேலே பார்க்கும் கண்கள், பக்கத்தில் யாரோ நீட்டும் கை. இல்லாவிட்டால் மலையேறிய ஒருவர், "முடியாதது எதுவுமில்லை" என்ற வாசகத்தோடு. முதல் படம் பார்ப்பவரை இரக்கப்பட வைக்கிறது. இரண்டாவது படம் வியக்க வைக்கிறது. இரண்டிலும் பார்ப்பவர் செய்யவேண்டிய வேலை என்று எதுவும் இல்லை. படியைக் கட்டியவர் அந்தப் படங்களில் எங்கேயும் வருவதில்லை.

டீச்சர் சொன்னதுதான் எங்கள் திசையை முடிவு செய்தது: "எனக்கு வேண்டியது அனுதாபம் இல்லப்பா, ஆறு அடி சிமெண்டு."

திரையில் மாற்றுத்திறனாளிகளைக் காட்டும் விதம் பற்றி உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8ஆம் தேதி தந்த தீர்ப்பையும் குழுவில் படித்தோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயற்பாட்டாளர் நிபுண் மல்ஹோத்ரா தொடர்ந்த வழக்கு அது. கேலிக்குரியவர்களாகவோ, அதற்கு நேர்மாறாக அபூர்வ ஆற்றல் கொண்டவர்களாகவோ மட்டும் காட்டும் பழக்கத்தை அந்தத் தீர்ப்பு கண்டிக்கிறது. அவர்களைப் பற்றிய எதையும் அவர்களைச் சேர்க்காமல் செய்யக்கூடாது என்ற கோட்பாட்டையும் எடுத்துச் சொல்கிறது. சினிமாவுக்குச் சொன்னதென்றாலும் ஒரு சுவரொட்டிக்கும் அது அப்படியே பொருந்தும் என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே கேமராவைப் படியின் பக்கம் திருப்பினோம். ஆள் வரும் படங்களில் அவர் கையில் ஒரு வேலை இருக்கவேண்டும்: டேப் பிடிப்பது, புள்ளி வைப்பது, கடைக்காரரோடு பேசுவது. சக்கர நாற்காலியில் இருப்பவரை நின்றுகொண்டு எடுத்தால் படம் அவரைக் குனிந்து பார்க்கும். எனவே கேமராவை உட்கார்ந்தவரின் கண் உயரத்துக்கு இறக்கினோம். படம் எங்கெங்கே வரும், வேண்டாமென்றால் எப்படித் திரும்பப் பெறலாம் என்பதையெல்லாம் வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே சம்மதக் கையெழுத்து வாங்கினோம்.

நீல நிறச் சக்கர நாற்காலிச் சின்னத்தைப் போடலாமா என்ற பேச்சும் வந்தது. 1968இல் சூசன் கோஃபோட் என்ற டென்மார்க் மாணவி வரைந்த சின்னம் அது. அவர் வரைந்தபோது அதில் தலை இல்லை. வட்டமான தலை பின்னால் சேர்க்கப்பட்டது. உலகம் முழுக்கத் தெரிந்த சின்னம்தான், ஆனால் அது "இங்கே வசதி இருக்கிறது" என்று அறிவிக்க வந்தது. நாங்கள் காட்டவேண்டியது இல்லாத ஒன்றை. அதனால் விட்டுவிட்டோம்.

கோலம் அளவுகோலான கதை

சாய்தளத்துக்கு நம் நாட்டு வழிகாட்டு நெறிகள் சொல்லும் அடிப்படைக் கணக்கு 1:12. ஒரு அங்குலம் ஏற வேண்டுமானால் 12 அங்குல நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தானால் தானே உருட்டிக்கொண்டு ஏறுபவருக்குத் தோள் தாங்காது, இறங்கும்போது நாற்காலி கையை மீறி ஓடும். இரண்டு செங்கல்லை வைத்துப் பலகையைச் சாய்த்துவிட்டு "ராம்ப் போட்டாச்சு" என்று சொல்லும் இடங்கள் இங்கே ஏராளம். இந்தக் கணக்கு கடைக்காரருக்கும் மேஸ்திரிக்கும் ஒரே பார்வையில் புரியவேண்டும். வரைபடம் போட்டுக் காட்டினால் "இன்ஜினியரைக் கேளுங்க" என்று நகர்ந்துவிடுகிறார்கள்.

டீச்சரின் அம்மா புள்ளிக்கோலம் போடுவதில் தேர்ந்தவர். கணக்கைக் கேட்டதும் அவர் சொன்னார்: "படி எவ்வளவு ஒசரமோ அதையே புள்ளிக்குப் புள்ளி இடைவெளியா வச்சுக்கிட்டா? பன்னெண்டு தடவ எண்ணிட்டாப் போதுமே." பரப்புரையின் முழு வடிவமும் அந்த ஒரு வரியில் வந்துவிட்டது. படியின் உயரம் அரை அடி என்றால் புள்ளிகளுக்கு நடுவே அரை அடி. 12 இடைவெளி ஓடினால் 6 அடி, அதுதான் சாய்தளத்தின் நீளம். 12 இடைவெளிக்கு 13 புள்ளி வைக்கவேண்டும் என்பதை எனக்குத் திருத்திச் சொன்னவரும் அவர்தான். அகலம் குறைந்தது 1,200 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 4 அடி. அரை அடி இடைவெளியில் 9 புள்ளி. எந்த வாசலாக இருந்தாலும் படியை அளந்து, அதே அளவில் ஒரு குச்சியை வெட்டிக்கொண்டு, புள்ளி வைத்துக்கொண்டே போகலாம். எண் தெரியாதவரும் சரிபார்க்கலாம்.

சிமெண்டுத் தரையில் வெள்ளை மாவு மங்கலாகத் தெரியும், படத்தில் காணாமலே போய்விடும். அதற்கும் பழைய வழக்கமே விடை: முதலில் வாசல் தெளிப்பது. ஈரத் தரை கறுத்துவிடுகிறது, வெள்ளைக் கோடு எழுந்து நிற்கிறது. ஓரத்தில் காவி இட்டோம். சாய்தளத்தின் ஓரம் தெரியாமல் தடுமாறும் குறைப்பார்வை உள்ளவர்களுக்கு அந்த நிறமாற்றம் எவ்வளவு முக்கியம் என்பதையும் அதே காவி விளக்கிவிட்டது.

கோலத்தைத் தேர்ந்ததற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. மகாராஷ்டிராவில் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அனுமதியில்லாமல் சுவரில் ஒட்டினால் சிக்கல். கோலமாவு மாலைக்குள் காலடியில் கரைந்துவிடும். மார்கழியில் மாதுங்கா வீடுகளின் முன்னால் கோலம் போடுவதை யாரும் ஏன் என்று கேட்பதும் இல்லை. டிசம்பர் 3ஐ விட்டுவிட்டு மார்கழியைத் தேர்ந்ததும் அதனால்தான். அந்த ஒரு நாளில் சால்வை போர்த்தும் விழாக்கள் அத்தனை நடக்கின்றன, அவற்றுக்கு நடுவே எங்கள் குரல் எடுபடாது.

படி ஏன் வந்தது

கடைக்காரர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று முடிவுகட்டிவிட்டுத் தொடங்கினால் இந்த வட்டாரத்தில் எந்தப் பரப்புரையும் முதல் வாசலிலேயே நின்றுவிடும். கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட், சயான் எல்லாம் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் இடங்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. பலர் கடையின் தரையை உயர்த்தியதும் ஒன்றுக்கு மூன்று படி வைத்ததும் சரக்கைக் காப்பாற்றத்தான். சாலையை ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போதும் அதன் மட்டம் மாறி, படியின் கணக்கும் மாறுகிறது, அதுவும் சேர்ந்துகொள்கிறது.

இதைக் கேட்ட பிறகு சுவரொட்டி வாசகத்தை மாற்றினோம். "படியை எடுங்கள்" என்று முதலில் எழுதியிருந்தது. அதைப் படிக்கும் கடைக்காரருக்குத் தன் கடைக்குள் தண்ணீர் புகும் காட்சிதான் கண்முன் வரும். "தரை உயரம் அப்படியே இருக்கட்டும். ஏறும் வழி மட்டும் மாறட்டும்" என்று ஆக்கினோம். சாய்தளம் தரையைத் தாழ்த்துவதில்லை, அதே உயரத்துக்குத்தான் போய்ச் சேருகிறது. இது நமக்குத் தெரிந்த விஷயமாக இருக்கலாம். ஒவ்வொரு கடையிலும் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

24 சதுர அடி

சோதனைக்குப் போட்ட கோலங்களில் சாய்தளத்தை வாசலிலிருந்து நேராக நடைபாதையில் வரைந்தோம். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "பாத்தீங்களா, இடமே இல்லையே." மூன்று படி வைத்த ஒரு கடையில், ஒன்றரை அடி உயரத்துக்கு 18 அடி நீளம். கோலம் நடைபாதையைத் தாண்டிச் சாலைக்குள் இறங்கிவிட்டது. சாய்தளம் ஏன் முடியாது என்பதற்கு எங்கள் படமே சாட்சி சொல்லும் நிலை.

இன்னொரு ஆட்சேபம் குழுவுக்குள்ளிருந்தே வந்தது. பார்வையற்ற பெரியவர் கோலத்தின் ஓரமாகத் தடியைத் தட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். "இது சிமெண்டா மாறினா நான் இதுல இடிச்சு விழுவேன் தம்பி. டீச்சருக்கு வழி விட்டுட்டு என் வழிய அடைக்காதீங்க" என்றார். கடைக்காரர்களின் பயமும் அதே இடத்தைத்தான் தொட்டது. கடைத் திண்ணையையோ படியையோ நடைபாதையில் நீட்டினால் மாநகராட்சி வந்து இடிக்கும். சாய்தளத்தையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டால் யார் பொறுப்பு?

ஆக, கோலத்தை உள்ளே திருப்பினோம். ஷட்டரைத் தூக்கச் சொல்லி, நடைபாதை முடியும் கோட்டிலிருந்து கடைக்குள் புள்ளி வைத்தோம். ஒரு படி உள்ள கடைக்கு 6 அடி நீளம், 4 அடி அகலம், மொத்தம் 24 சதுர அடி. மும்பையில் சதுர அடி என்றால் என்ன என்று எந்தத் தமிழருக்கும் விளக்கவேண்டாம். பேரம் உண்மையில் தொடங்கியது அங்கேதான். கோலத்தின்மேல் நின்றுகொண்டு கடைக்காரரே யோசிக்க ஆரம்பித்தார்: இந்த ரேக்கை நகர்த்தலாம், கல்லாவை அந்தப் பக்கம் போடலாம், வாடிக்கையாளர் எப்படியும் இங்கேதானே நிற்கிறார், அந்த இடம் சாய்வாக இருந்தால் என்ன கெட்டுப்போகும். காகிதத்தில் எண்ணாக இருந்தவரை அவர் "இல்லை" என்றார். தரையில் வரைந்ததும் எங்கே, எப்படி என்று கேட்கத் தொடங்கினார். இந்தப் பரப்புரையில் நான் பெரிதாக மதிப்பது அந்த மாற்றத்தைத்தான்.

மடக்குச் சாய்தளம் பற்றியும் பேசினோம். அலுமினியத்தில் கிடைக்கிறது. ஒரு படி மட்டுமிருந்தால் 6 அடி நீளத்தில் ஒன்றை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளலாம், வெளியே ஓர் அழைப்பு மணி. செலவு குறைவு, இடிப்பார்கள் என்ற பயமும் இல்லை. டீச்சருக்கு இதில் திருப்தியே இல்லை. கடைப் பையன் சாப்பிடப் போயிருந்தால் தெருவில் காத்திருக்க வேண்டியதுதான், அது நுழைவதற்கான உரிமை ஆகாது என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அதனால் சுவரொட்டியில் மடக்குச் சாய்தளத்தைப் போடவில்லை. உள்ளே இடமே இல்லாத கடைகளுக்கு மட்டும் நேரில் பேசும்போது சொன்னோம்.

"எல்லோருக்கும் பயன்" என்ற வாதத்தையும் முன்னால் வைக்கவில்லை. சிலிண்டர் தள்ளுபவருக்கும், குழந்தை வண்டியோடு வரும் தாய்க்கும், மூட்டுவலிப் பாட்டிக்கும் சாய்தளம் உதவும் என்பது உண்மை. ஆனால் டீச்சரின் உரிமை சிலிண்டர்காரரின் வசதியில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அவர் ஒருவருக்கு மட்டுமே பயன்பட்டாலும் அந்தச் சாய்தளம் இருக்கவேண்டியதுதான்.

பார்க்க முடியாதவருக்கு இந்தப் படம் என்ன சொல்கிறது

மும்பைப் புறநகர் ரயிலில் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். பல நிலையங்களில், மாற்றுத்திறனாளிகள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் பீப் பீப் என்று ஒரு கருவி ஒலித்துக்கொண்டே இருக்கும். பார்வையற்றவர் ஒலியைப் பிடித்துக்கொண்டு சரியான இடத்தில் போய் நிற்கலாம். பெரியவர் அதை உதாரணம் காட்டித்தான் கேட்டார்: "உங்க கோலத்துல அந்தப் பீப் எங்க?"

அதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். படம் எடுப்பதற்கு முன் அந்தப் படத்தின் விவரணையை எழுதி அவருக்குப் படித்துக் காட்டவேண்டும். "ஒரு மருந்துக்கடை வாசல். அரை அடிப் படி. ஷட்டருக்குள் 6 அடி நீளத்துக்குச் சாய்தளத்தின் வடிவில் வெள்ளைக் கோலம். ஓர் ஆசிரியை சக்கர நாற்காலியில் இருந்தபடி டேப்பின் நுனியைப் பிடித்திருக்கிறார்." இதைக் கேட்டு அவருக்கு விஷயம் விளங்கினால் படம் எடுக்கலாம். "அழகான மார்கழிக் காலை" என்று நான் எழுதிய வரிகளையெல்லாம் வெட்டச் சொன்னார். விவரணை இரண்டு மூன்று வாக்கியத்தில் அடங்காவிட்டால் படத்தில் தேவையில்லாத சாமான் இருக்கிறது என்று அர்த்தம். பார்வையுள்ளவர்களுக்கான படமும் இதனால் தெளிவானது.

படத்துக்குள் எழுத்தைப் புதைத்து அனுப்பினால் போனின் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் வசதி) அதைச் சரியாகப் படிப்பதில்லை. எனவே வாட்ஸ்அப்பில் படம், கீழே அதே வாசகம் எழுத்தாக, கூடவே பெரியவரின் குரலில் ஓர் ஒலிப்பதிவு என்று மூன்றையும் சேர்த்தே அனுப்பினோம். சுவரொட்டியில் தமிழ், மராத்தி, இந்தி மூன்றும் இருந்தாக வேண்டும். மூன்றையும் நெருக்கினால் எதுவும் படிக்கமுடியாது. எனவே 1:12 என்ற எண்ணை மட்டும் சுவரொட்டியில் பாதி அளவுக்குப் போட்டு, மொழிக்கு ஒரு வரி என்று நிறுத்திக்கொண்டோம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே இணையத் தர விதிகள் கேட்கும் 4.5:1 ஒளி வேறுபாட்டைவிடக் கூடுதலாகவே வைத்தோம். மெல்லிய கோடுள்ள தமிழ் எழுத்துருக்கள் தூரத்தில் ண, ன வித்தியாசத்தை விழுங்கிவிடும், அவற்றைத் தொடவில்லை.

காணொளியில் தையல்கார இளைஞர்தான் பேசுகிறார், இந்திய சைகைமொழியில். சைகைமொழியைத் திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் அடைப்பது வழக்கம், கை அசைவே தெரியாது. இதில் அவர் திரை நடுவில் நிற்கிறார், கோலம் அவர் பின்னால். சைகைமொழி தமிழையோ இந்தியையோ சார்ந்தது அல்ல என்பதால் ஒரே காணொளி மூன்று மொழிக்காரர் வீட்டுக் காது கேளாதோருக்கும் போய்ச் சேர்ந்தது. எழுத்து வரிகளை மட்டும் மாற்றினால் போதும். சைகைகள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், அதனால் வேறு பகுதியைச் சேர்ந்த நண்பர்களிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே வெளியிட்டார்.

சட்டத்தை எங்கே வைத்தோம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுக் கட்டடம் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் உண்டு. வணிகம், மருத்துவம், சமயம் எல்லாமே அதில் அடக்கம். ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய விதிகள் வந்ததிலிருந்து 5 ஆண்டு அவகாசம் தரப்பட்டது. விதிகள் வந்தது 2017 ஜூனில், ஆகவே கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகள் வந்துபோக வேண்டிய வசதிகளுக்கான அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த 15(1)ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்தில் கொண்டுவரும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

இவ்வளவையும் சின்னக் கடைக்காரரிடம் எடுத்தவுடன் நீட்டவில்லை. நாளைக்கும் அதே கடையில் மருந்து வாங்க வேண்டியவர்கள் நாங்கள். அங்கே அனுமதி கேட்டே கோலம் போட்டோம், படத்தில் கடைப்பெயர் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். வங்கிக் கிளைக்கும் அரசு அலுவலகத்துக்கும் அந்தச் சலுகை தரவில்லை. கோலத்தின் படம், படியின் அளவு, சட்டப் பிரிவு, பதில் தரவேண்டிய தேதி எல்லாம் ஒரே பக்கத்தில் அச்சடித்து, பெயர் குறிப்பிட்ட அதிகாரிக்கு நேரில் கொடுத்து முத்திரை வாங்கினோம். யாருக்கு என்று எழுதாத கோரிக்கையை யாரும் எடுத்து வைப்பதில்லை.

இதுவரை

ஒரு மருந்துக்கடை கல்லாவை நகர்த்தி உள்ளே சாய்தளம் கட்டிவிட்டது. மேஸ்திரி கோலத்தின்மேலேயே நூல் பிடித்தார். ஒரு பல் மருத்துவர் வாசலோடு கதவையும் அகலப்படுத்தினார், இருபுறமும் கைப்பிடி போட்டார். அதைப் பார்த்து அடுத்த கடைக்காரர் அளவு கேட்டு வந்தார். சில கடைகளில் மடக்குச் சாய்தளமும் மணியும் வந்திருக்கின்றன. பலர் "மழைக்குப் பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். ஒரு வங்கிக் கிளையிலிருந்து பதிலே வரவில்லை. புனேயில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அனுப்பக் கோப்பு தயாராகிறது, படங்களோடு பெரியவரின் விவரணைகளும் அதில் சேர்கின்றன.

ஒரு கோயில் மண்டபத்தின் நிர்வாகக் குழு முதலில் தயங்கியது. பிறகு அவர்களே எங்களைக் கூப்பிட்டு மண்டப வாசலில் கோலம் போட்டுக் காட்டச் சொன்னார்கள். அங்கே ஐந்து படி, இரண்டரை அடி உயரம், 30 அடி நீளம் வேண்டும். நடுவில் திரும்பி, இளைப்பாற 5 அடிக்கு 5 அடி சமதளமும் விட்டாக வேண்டும். அந்தச் சமதளம் செருப்பு வைக்கும் இடத்தில் வருகிறது. செருப்பு ஸ்டாண்டை எங்கே மாற்றுவது என்பதில்தான் இப்போது பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.